மாவில் எடுத்த முகம்

போன மாதம் மியூசியம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வேன் டீக்கடையில் நின்றது. எல்லோரும் இறங்கினீர்கள், நான் இறங்கவில்லை. பழைய ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் திரும்பி ஏறி வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று யாரோ ஒரு மிட்டாயைக் கையில் திணித்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் போன் பண்ணிக் கேட்டவர்கள் உண்டு. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

நாமெல்லாம் வார்டில் நடந்து நடந்து கால் வீங்கி ஓய்வு பெற்றவர்கள். இதில் வருகிற நோயை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாதி சொல்லும்போதே என்னவென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் கடைசிவரை கேளுங்கள்.

அந்தப் பல்கலைக்கழக மியூசியத்தில் நமக்குச் சுற்றிக்காட்ட ஒரு மாணவி வந்தாளே, நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் நீளக் குச்சி. நல்ல பெண். நம் வயசைப் பார்த்து மெதுவாக நடந்தாள். ஆரம்பத்தில் இது தேர்வுத் தாள் அடுக்கி வைக்கிற அறையாக இருந்தது என்றாள். கரையான் அரித்த அந்த அறையைக் காலி செய்து முதல் சிலையை வைத்தார்களாம். பிறகு பக்கத்து அறை, அதற்குப் பிறகு கல் மண்டபம். ஓவியங்கள், செப்புச் சிலைகள், பழைய மரக் கதவுகள் எல்லாம் பின்னால் வந்தவை. கடைசியாக ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். நடுவில் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கண் மூடிய ஒரு வெள்ளை முகம்.

"இதுதான் எங்க மியூசியத்தோட முதல் பொருள்" என்றாள். "எங்க துறையோட முதல் சிற்ப ஆசிரியர் ஏற்காட்டு மலையில ஒரு எஸ்டேட் பங்களாவுல தங்கி, தொழிலாளர்களோட முகங்களை அச்செடுத்தார். முகத்தை எடுத்தா உயிர் போயிடும்னு அந்த ஜனங்களுக்கு ஒரு மூடநம்பிக்கை. ஒரு நாள் காலைல கூட்டமா அடிக்க வந்துட்டாங்க. அவர் கிடைச்சதை எல்லாம் ஜீப்ல அள்ளிப் போட்டுக்கிட்டு இறங்கினார். பின்னாடி வச்சதெல்லாம் வளைவுல உருண்டு உடைஞ்சு போச்சு. இதை மட்டும் முன் சீட்ல வச்சு, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே மலையிறங்கினாராம். இதுக்காகத்தான் பல்கலைக்கழகம் முதன்முதலா ஒரு அறை கொடுத்துச்சு. இந்த உதட்டைப் பாருங்க. தியானத்துல இருக்கிற மாதிரி எவ்வளவு அமைதி."

நீங்கள் 'அடடா' என்றீர்கள். ஒருத்தர் போட்டோ எடுத்தீர்கள். நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணே ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அது தியானம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். அது என் அக்கா.

நாங்கள் நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம். எங்கள் தாத்தா காலத்தில் பஞ்சம் பிழைக்கச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். எந்த ஊரிலிருந்து என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அப்பா செடிக்கு மருந்தடிக்கிற வேலை. அம்மா காப்பிப் பழம் எடுப்பாள். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, காப்பிச் செடிக்கு நிழல் தருகிற மரங்களில் ஏறிக் கிளை கழிப்பவர். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவு. சுவருக்கு மேலே கூரை வரைக்கும் மறைப்பு கிடையாது, அவர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

அக்கா என்னைவிட ஐந்தாறு வயசு பெரியவள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுடன் பழம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் தலைச்சோலைப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வருவேன். அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம், யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் இவள் அதே மாதிரி நடப்பாள். பழம் எடுக்கும் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ரைட்டர் திரும்பினால் அக்கா குனிந்து கூடையைச் சரி செய்துகொண்டிருப்பாள்.

அது பழம் எடுக்கிற சீசன். கார்த்திகை முடிந்து மார்கழி. காலையில் பனி, மரங்களிலிருந்து மழை மாதிரி சொட்டும். பழத்தின் தோலை உரிக்கும் கொட்டகையிலிருந்து புளித்த வாடை நாள் முழுக்க வரும். சோறு, துணி, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாடைதான். சிவப்பெறும்பு கடித்து அக்காவின் கை எப்போதும் தடித்திருக்கும். இன்றைக்கும் எங்காவது புளித்த பழ வாடை வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கைதான்.

எஸ்டேட் முதலாளி மலையில் இருப்பதில்லை. பங்களா பூட்டிக் கிடக்கும். அந்த மார்கழியில் அது திறந்தது. கீழே ஏதோ பல்கலைக்கழகத்தில் சிலை செய்யச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று சொன்னார்கள். ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒல்லி, கண்ணாடி போட்டவர், எப்போதும் சட்டைக் கை முழங்கைக்கு மேல். நாங்கள் அவரைச் சிலை வாத்தியார் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளைத் துரத்த மாட்டார். பிஸ்கட் கொடுப்பார். 'வாங்க போங்க' என்றுதான் எல்லோரிடமும் பேசுவார். எங்களுக்கு அது புதுசு.

அவர் தோட்டத்துக்குள் வந்து பெண்கள் பழம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள், அவரைப் போலவே கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிடுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்த அக்காவை அவரே பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. சிரித்தார். "உன் முகத்தை எனக்குக் கொஞ்ச நேரம் தர்றியாம்மா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு இஷ்டமில்லை. அப்பா ரைட்டரிடம் கேட்டார். "பெரிய படிப்புப் படிச்சவருப்பா. முதலாளிக்கு வேண்டப்பட்டவர். முடியாதுன்னா நல்லாருக்காது" என்றார் ரைட்டர். மாமா மட்டும், "மூஞ்சிய எதுக்குங்க எடுக்கறாங்க? வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நானும் அக்காவோடு போனேன். பங்களாவின் பின்பக்க வராந்தாவில் ஒரு பெஞ்சு. அக்காவை மல்லாக்கப் படுக்க வைத்துத் தலைமுடியை ஈரத் துணியால் கட்டினார். முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய். புருவத்தில் சோப்பைக் குழைத்துத் தடவினார். மூச்சு விடக் காகிதத்தைச் சுருட்டி மூக்கில் இரண்டு குழல். பிறகு பேசினில் வெள்ளை மாவைக் கரைத்தார். நம் எலும்பு வார்டில் கட்டுப் போடுவோமே, அதே மாவுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கோலமாவோ என்று நினைத்தேன்.

முதல் தடவை பாதி முகத்தில் மாவைப் போட்டிருக்கும்போது வாத்தியாரின் வயிறு சத்தம் போட்டது. அக்காவின் காதுக்குப் பக்கத்திலேயே. காலையில் அவர் சாப்பிடவில்லை போலிருக்கிறது. அக்காவுக்கு வயிறு குலுங்கியது, மாவு விரிசல் விட்டுப் பாளம் பாளமாகக் கழன்றது. வாத்தியாரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். முகத்தைக் கழுவி, மறுபடி எண்ணெய், மறுபடி மாவு. இரண்டாவது தடவை அக்கா அசையவில்லை. ஆனால் அவள் கால் கட்டைவிரல் மடங்கி மடங்கி விரிவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு வரும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, "மொதல்ல சில்லுன்னு இருந்துச்சு புள்ள, அப்பறம் அடுப்பு மேல மூஞ்சிய வெச்ச மாதிரி சூடாயிருச்சு" என்றாள். காதோரம் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். இரண்டு பேர் கையிலும் பிஸ்கட் பொட்டலம்.

அச்சுக்குள் மாவை ஊற்றி வார்த்த முகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனில் எல்லோருக்கும் காட்டினார் வாத்தியார். அக்காவோடு சேர்த்து இன்னும் ஏழெட்டுப் பேரின் முகங்கள். வராந்தாவில் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் கண் மூடியிருந்தது. அக்காவுக்குப் பெருமை. தன் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்று காட்டினாள். கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

"பொணத்தாட்டம் இருக்குதுங்க சாமி" என்றாள் அம்மா. "எம் புள்ளயோடத மட்டும் குடுத்துருங்க."

"இது உடைஞ்சிரும்மா. கொண்டுபோய் பத்திரமா வைக்கிறேன்" என்றார் அவர். அம்மா கேட்டது வேறு, அவர் புரிந்துகொண்டது வேறு.

அதற்குப் பிறகு சில நாளில் அக்காவுக்குக் காய்ச்சல். தொண்டை வலிக்கிறது என்றாள். அம்மா எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். கம்பவுண்டர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பனி ஒத்துக்கல" என்று சிவப்பு மிக்சர் மருந்து கொடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை காய்ச்சல் பார்ப்பார்.

கழுத்து வீங்கியது. குரல் போயிற்று. ரைட்டரைப் போலவும் வாத்தியாரைப் போலவும் பேசிய குரல், கிழிந்த துருத்தி மாதிரி ஆனது. கஞ்சியை ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. கிட்டே போனால் ஒரு வாடை, இனிப்பாக, அழுகலாக. உங்களுக்குத் தெரியும் அந்த வாடை. எனக்கு அன்றைக்குத் தெரியாது. பழக்கொட்டகை வாடைதான் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஒரு காலை, வெளிச்சம் வந்ததும், அம்மா அக்காவை வாசலில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நானும் அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. தொண்டை முழுக்கப் பூசி வைத்த மாதிரி. அம்மா விரலில் துணியைச் சுற்றித் துடைத்தாள். வரவில்லை. இழுத்தாள். ஓரத்தில் ரத்தம் வந்தது. அது மட்டும் அசையவில்லை.

அம்மா போட்ட சத்தத்தில் லைனே கூடிவிட்டது.

"மாவு! அந்த மாவு உள்ள போயிக் கெட்டியாயிருச்சு! எம் புள்ள தொண்டைய அடச்சிருச்சு!"

யாருக்குச் சந்தேகம் வரும், சொல்லுங்கள். முகத்தில் வெள்ளை மாவைப் பூசியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது தொண்டையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறார்கள். மாமா வந்து பார்த்தார். வீட்டுக்குள் போய்க் கிளை கழிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "அந்த மூஞ்சி அங்க இருக்கற வரைக்கும் இது எறங்காது. வாங்க, அத ஒடச்சாத்தான் புள்ளைக்கு மூச்சு வரும்" என்றார். அன்றைக்குப் பழம் எடுக்க யாரும் போகவில்லை. கூடையை அங்கங்கே போட்டுவிட்டு எல்லோரும் பங்களாப் பக்கம் நடந்தார்கள்.

அப்பா மட்டும் வேறு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஜீப்பு இருக்குதுங்க. ஜீப்புல போட்டு சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாமுங்க. மொதல்ல ஜீப்பக் கேப்போமுங்க." அப்பா சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷர். அக்காவைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் ஓடினார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கம்பளிக்குள்ளிருந்து அக்காவின் மூச்சு விசில் மாதிரி கேட்டது.

பனி இறங்கியிருந்தது. பங்களா வாசலில் ரைட்டர் கையை விரித்துக்கொண்டு நின்று கூட்டத்தை மறித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முகத்தை வெளியே கொண்டுவா, ஒடைக்கணும், வாத்தியாரை வெளியே வரச் சொல்லு. மாமாவின் கையில் கத்தி. ரைட்டர் உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ஜீப் கிளம்புகிற சத்தம்.

அப்பா அதைக் கேட்டதும் கூட்டத்தை விட்டுவிட்டுக் குறுக்கே, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடிப் பின்பக்கப் பாதைக்கு வந்துவிட்டார். செடி முகத்தில் அடித்தது. ஜீப் பனிக்குள்ளிருந்து வந்தது. அப்பா பாதை நடுவில் நின்று ஒரு கையை நீட்டினார்.

"சாமி! ஜீப்பு, சாமி! புள்ளைங்க!"

ஜீப் வேகத்தைக் குறைத்தது. வாத்தியாரின் முகத்தை நான் பார்த்தேன். கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. பயந்து போயிருந்தார். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கை பக்கத்து சீட்டில் துண்டு சுற்றிய எதையோ அணைத்துப் பிடித்திருந்தது. அவருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு ஒரு ஆள், தோளில் கம்பளி மூட்டை, பின்னால் கத்தியோடு ஓடி வருகிற கூட்டத்தின் சத்தம். அவர் பார்த்தது அவ்வளவுதான். கம்பளிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒதுங்கி, செடிகளின் மேல் ஏறி இறங்கி, எங்களைத் தாண்டி, மலையிறங்கும் குப்பனூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

அப்பா அந்தச் சத்தம் தேய்கிற வரைக்கும் கையை நீட்டியபடியே நின்றார்.

காலை பஸ் போய்விட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் அக்காவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்கள். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கிய ஒரு லாரி ஏற்றிக்கொண்டது என்று பின்னால் சொன்னார்கள். என்னை அத்தையிடம், மாமாவின் பெண்டாட்டியிடம், விட்டுவிட்டுப் போனார்கள்.

மாமா அந்த நேரத்தில் பங்களா வராந்தாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் உடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் விட்டுப்போன அச்சுகள், பேசின்கள், மாவு டின்கள். தோட்டம் வரைக்கும் வெள்ளைத் தூள். வெயில் ஏறியதும் லைன் பிள்ளைகள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, சாக்கட்டி மாதிரி சுவரில் கிறுக்கினார்கள். எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. உள்பக்கம் குழிவாக, மழமழவென்று, யாருடையதோ முகவாயின் அச்சு. என் முகவாயை அதில் வைத்துப் பார்த்தேன். பெரிதாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அப்பாவும் அம்மாவும் நடந்து திரும்பி வந்தார்கள். கம்பளி அப்பாவின் தோளிலேயே இருந்தது. விசில் சத்தம் இல்லை. லாரி மலையடிவாரத்தைத் தொடுவதற்கு முன்பே வளைவு ஒன்றில் அக்காவின் மூச்சு நின்றுவிட்டதாம். டிரைவர் லாரியை ஓரம் கட்டிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாராம். எஸ்டேட் எல்லையில், ஓடைக்கு மேலே, புதைத்தோம். அக்காவை யாரும் ஒரு போட்டோ எடுத்ததில்லை.

சடங்கெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் ரைட்டர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, குடையை மடக்கிக்கொண்டு வெளியிலேயே நின்றார். "அடிக்க வர்றாங்கன்னு நெனச்சுட்டேன்ப்பா. நாந்தான் அவரைக் கெளம்பச் சொன்னேன். ஜீப்பு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னனுங்க" என்றார் அப்பா. "சத்தத்துல யாருக்கும் கேக்கலீங்க."

ரைட்டர் குடையைப் பிடிக்காமலே தூறலில் திரும்பிப் போனார். அன்றைக்கும் ஒரு தோள் தூக்கித்தான் இருந்தது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தை மாதத்திலேயே அடுத்த லைனில் ஒரு சின்னப் பையனுக்கும் அதே மாதிரி தொண்டை அடைத்தது. அவனும் போய்விட்டான். அவன் அந்த உடைந்த மாவுத் துண்டுகளை வைத்து விளையாடினவன். அதோடு எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. பெரியவர்கள் வீடு வீடாக வந்து துண்டுகளை எல்லாம் வாங்கிக் குழி வெட்டி மூடினார்கள். என்னுடைய முகவாய்த் துண்டை அத்தை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கண்டுபிடித்து, முறத்தில் ஏந்திக்கொண்டு போனாள். கையால் தொடவில்லை.

அப்பா அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறியதில்லை. எஸ்டேட் ஜீப் பக்கத்தில் நிறுத்தி 'ஏறிக்கப்பா' என்றால், "நடந்தே வந்தர்றனுங்க" என்பார். டவுனுக்கும் நடைதான். ஒரு நாள் அப்படி நடந்து வந்தவர் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். நான் அப்போது பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு.

பிறகு நர்ஸ் படிப்புக்கு வந்தேன். அந்தக் காலம் உங்களில் சிலருக்குத் தெரியும், ஒரே விடுதியில்தானே இருந்தோம். தொற்றுநோய் வார்டில் என்னைப் போட்ட முதல் வாரம், ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் நாக்கை அழுத்திப் பிடித்து, "பார்த்துக்கோ, டிப்தீரியா" என்று டார்ச் அடித்துக் காட்டினார். கழுத்து வீக்கம், அந்த வாடை, உள்ளே பூசி வைத்த மாதிரி வெள்ளை. என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. டாக்டர் திட்டினார். மயக்கம் போட்டுவிட்டேன் என்று விடுதியில் நீங்கள் கேலி செய்தீர்களே, அது அன்றைக்குத்தான். அந்தப் பையனுக்கு மருந்து ஏறியது. கொஞ்ச நாளில் கட்டிலை விட்டு இறங்கி, அவன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். நான் வராந்தாவில் நின்று அவன் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்தேன்.

லீவு கிடைத்ததும் மலைக்குப் போனேன். அம்மா முற்றத்தில் சாக்கை விரித்துக் காப்பிக்கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அது ஒரு நோய், காற்றில் பரவுவது, தொண்டையில் தோல் மாதிரி வெள்ளையாகப் படரும். மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சின்னப் பையனுக்கு வந்ததும் அதுதான்.

அம்மா பொறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப அந்த மாவு இல்லியா?"

"இல்லம்மா."

"மூஞ்சிய ஒடச்சிருந்தாலும்…"

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா."

ஒரு கல்லை எடுத்து வீசிவிட்டு, "உங்கப்பன் சொன்னாப்பல நேரத்துக்குக் கொண்டு போயிருந்தா?" என்று கேட்டாள்.

நான் அந்தப் பையன் நடந்து போனதைச் சொன்னேன். எல்லோரும் பிழைப்பதில்லை, அக்காவுக்கு முற்றிப் போயிருந்தது, தாங்கியிருப்பாளா என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். அம்மா முதலில் சொன்னதை மட்டும்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கையில் இருந்த கொட்டைகளைச் சாக்கின் மேல் மெதுவாகக் கொட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமினார். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணங்கிட்ட இதச் சொல்லிராத கண்ணு."

சொல்லவில்லை. மாமா ஒவ்வொரு வருஷமும் மார்கழியில் அந்தக் கதையைச் சொல்வார். கத்தியை எடுத்தது, பங்களா வாசலில் நின்றது, ஜீப் போனது. "ஒரு எட்டு முந்தியிருந்தா" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

மியூசியத்தில் நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் நாற்காலி போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, "மெதுவாக் குடிங்கம்மா" என்றாள். அக்காவைவிட நாலைந்து வயசு கூட இருப்பாள். அவளிடம் எதைச் சொல்வது? அந்த வாத்தியார் எப்போதோ போய்விட்டாராம். முன் சீட்டில் வைத்துக் காப்பாற்றியது எது, பாதையில் விட்டுப்போனது எது என்று அவர் கடைசிவரை தெரிந்துகொள்ளவே இல்லை. நம் ஓய்வு பெற்ற நர்சுகள் சங்கத்தின் பேரில் எழுதிக் கேட்கலாம், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைக்கச் சொல்லலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். செய்யலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அதில் மாமாவைப் பற்றியும், அந்தக் கத்திக்குப் பயந்துதான் ஜீப் நிற்காமல் போனது என்பதையும் எழுத வேண்டும். அதுதான் கை ஓடவில்லை. அவரைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

மாமாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து நம் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில், உங்களில் ரெண்டு பேர் அவருக்கு ஊசி போட்டிருக்கிறீர்கள். அம்மா மலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து ரசம் கொண்டுவருவாள். ஒரு மத்தியானம் நான் டியூட்டி முடித்து அங்கே போனேன். அம்மா கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"கண்ணு, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. அன்னிக்கு நான் வெரசா போயி அந்த மூஞ்சிய ஒடச்சிருந்தா, புள்ள பொழச்சிருக்குமில்ல?"

அவர் பெருமைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அக்கா போன நாளிலிருந்து அவர் நிம்மதியாகத் தூங்கவே இல்லை. எனக்கு வாய் திறந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொழச்சிருப்பாண்ணா" என்றாள் அம்மா. "ஆனா நீ வெரசாத்தான் போன. பனி மூடுன பாதை. ஜீப்பு சிக்கல. நீ என்ன பண்ணுவ? ஓந் தப்பு ஒண்ணுமில்லண்ணா."

"இல்லியா?"

"இல்லண்ணா. குடி."

மாமா மிச்ச ரசத்தைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஆழ்ந்து தூங்கினார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அம்மா டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வராந்தாக் கடைசியில் இருந்த குழாயடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அம்மா டம்ளரைக் கழுவினாள். கவிழ்த்தாள். மறுபடி நிமிர்த்திக் கழுவினாள். பின்னால் பாத்திரத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். நான் போய்க் குழாயை மூடுகிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள்.